ஹிஜாமா முகாம்: நம் கையில் ஒப்படைக்கப்படும் அமானிதம்

(விருதுநகரில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மாவட்டக் கூட்டத்தில், மருத்துவ சேவை அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

   

இன்றைய கூட்டத்தின் தீர்மானங்களில் ஒன்று, வருகிற பிறை 17 அன்று இலவச ஹிஜாமா முகாம் நடத்துவது. ஒரே நாளில் இருநூறு பேர், இரண்டு பேர் செய்து முடிப்பார்கள் என்று திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசும்படி என்னை அழைத்தார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முகாம் நடத்தலாம். ஆனால் இந்தத் தாளில் எழுதியிருக்கிற விதத்தில் நடத்தக் கூடாது. ஏன் கூடாது என்பதைச் சொல்லவே இந்த மேடையில் நிற்கிறேன்.

ஹிஜாமா என்றால் என்ன என்று இங்குள்ள யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று விஷயங்களில் நிவாரணம் இருப்பதாக அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் சொன்னதும், அதில் தேனோடு ஹிஜாமாவும் இடம்பெறுவதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. நபியவர்கள் இஹ்ராமில் இருந்தபோதே தலைவலிக்காக ஹிஜாமா செய்துகொண்டார்கள். இது நமக்கு மட்டும் உரிய வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். சீன மருத்துவர்கள் மாட்டுக் கொம்பையும் மூங்கில் குழாயையும் வைத்து இதைச் செய்தார்கள். கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ ஹொங் என்ற சீன அறிஞர் கொம்பு வைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உறிஞ்சலும் உண்டு, குருதி வாங்கலும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகச் சிவந்த தழும்புகளை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பிறகுதான் நம் பிள்ளைகள் பலருக்கே இதில் ஆர்வம் வந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை!

யூனானி மருத்துவத்தில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். தோலைக் கீறாமல் கிண்ணத்தை மட்டும் வைத்து எடுப்பது ஒன்று. கீறி இரத்தம் வாங்குவது மற்றொன்று. முதல் வகையில் தவறு நடந்தால் கொப்புளமும் தீக்காயமும் வரும். இரண்டாம் வகையில் தவறு நடந்தால், அந்தத் தவறு வீடு வரை போகும். மனைவிக்குப் போகும். பிறக்கப் போகும் குழந்தைக்கும் போகும்.

நமக்கு எடுத்துக்காட்டு நபிகளார் (ஸல்) அவர்கள்தானே? அவர்கள் யாரிடம் ஹிஜாமா செய்துகொண்டார்கள்? அபூ தய்பா என்பவரிடம். அதையே தொழிலாகக் கொண்டு, கை தேர்ந்தவர் அவர். அவருக்குக் கூலி கொடுக்கச் சொன்னார்கள். அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் செலுத்த வேண்டிய வரியையும் குறைக்கச் செய்தார்கள். தொழில் தெரிந்தவரைத் தேடி, அவருக்கு உரியதைக் கொடுத்துச் செய்துகொள்வதும் சுன்னத்தில் சேர்த்திதான். அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இன்னொரு செய்தி இருக்கிறது. வைத்தியம் தெரியாத ஒருவர் வைத்தியம் செய்து அதனால் கேடு விளைந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. ஹிஜாமாவைப் பற்றிய ஹதீஸைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் நோட்டீஸ்களில் இந்த ஹதீஸை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

மூன்று நாள் வகுப்பு, கையில் ஒரு சான்றிதழ், பையில் ஒரு கிண்ண செட். அவர் ஹிஜாமா நிபுணராகிவிட்டார்! உங்கள் கடையில் மூன்று நாள் நின்ற பையனிடம் கல்லாவைக் கொடுப்பீர்களா, வியாபாரிகளே? பிறகு முதுகை மட்டும் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

சுன்னத் கல்யாணம் சொல்லும் பாடம்

சில தம்பிமார்களுக்குக் கோபம் வரலாம். ஒரு சுன்னத்தை உயிர்ப்பிக்கப் பார்க்கிறோம், இவர் முட்டுக்கட்டை போடுகிறாரே என்று. அவர்களுக்கு நம் வீட்டிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன்.

நம் பாட்டனார் காலத்தில் சுன்னத் கல்யாணத்திற்கு ஒஸ்தா வருவார். ஒரு தெருவில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்துப் பேருக்கும் ஒரே கத்திதான். சாம்பலை வைத்துக் கட்டுவார்கள். காய்ச்சல் வந்து, சீழ் பிடித்து அவதிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நம் வீட்டுப் பெரியம்மாக்களைக் கேளுங்கள், சொல்வார்கள். இன்று என்ன செய்கிறோம்? மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மரத்துப்போகும் ஊசி போட்டு, மருத்துவர் கையால் செய்கிறோம். மாலையும் விருந்தும் அப்படியே இருக்கின்றன. சுன்னத் குறைந்துபோயிற்றா? கத்தி மட்டும்தான் மாறியது. எந்த ஜமாஅத்தும் இதற்காகச் சண்டை போடவில்லை. பிள்ளை நலமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஹிஜாமாவில் மட்டும் ஏன் ஒஸ்தாவின் காலத்திற்குத் திரும்பிப் போக வேண்டும்?

சாத்தூரை மறந்துவிடாதீர்கள்

இப்போது இரத்தத்திற்கு வருகிறேன். இதைப் பேசும்போது நம் மாவட்டத்தைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

2018 டிசம்பர். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிச் சகோதரிக்கு, இரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அது வெளியே தெரிந்தது எப்படி? இரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டார். அதில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அந்த இளைஞர் விஷம் குடித்து இறந்தார். குழந்தை 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ். தாய்க்கு வந்தது வந்ததுதான்.

இதை ஏன் சொல்கிறேன்? அது இரத்த வங்கி. சட்டம் இருக்கிறது, பரிசோதனைக் கருவி இருக்கிறது, பயிற்சி பெற்ற ஊழியர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஓர் இடத்தில் கண் அசந்தது. ஒரு குடும்பமே சிதைந்தது. பள்ளிவாசல் மதரசாவில் பாய் விரித்து, யாருக்கு என்ன தொற்று இருக்கிறது என்று தெரியாமல், இருநூறு பேரின் தோலைக் கீறப் போகிறோமே, நம்மிடம் என்ன இருக்கிறது? நல்ல எண்ணம் இருக்கிறது. கிருமிக்கு எண்ணம் தெரியாது.

எச்.ஐ.வி.யை விட எனக்குப் பெரிய பயம் மஞ்சள் காமாலைக் கிருமி, அதாவது ஹெபடைடிஸ் பி. எச்.ஐ.வி. வெளிக்காற்றில் சீக்கிரம் வலுவிழந்துவிடும். ஹெபடைடிஸ் பி கிருமியோ, காய்ந்துபோன இரத்தத் துளியிலும் குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளி போதும். கிண்ணத்தின் விளிம்பில், பம்பின் வால்வில், மேசை விரிப்பில், செய்பவரின் கைக்கடிகாரப் பட்டையில் அது இருக்கலாம். தொற்றியவருக்குப் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு கல்லீரல் சுருங்கிப்போய்த்தான் மருத்துவமனைக்கு வருவார். அன்றைக்கு முகாமை யார் நடத்தினார்கள் என்பதே அவருக்கு நினைவிருக்காது. அதனால்தான் "நாங்கள் இத்தனை பேருக்குச் செய்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆகியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே இதில் பேரம் கிடையாது. ஒருவருக்கு ஒரு பிளேடு. சவரக்கடை பிளேடை இரண்டாக உடைத்து வைத்துக்கொள்வது கூடவே கூடாது. உறையில் அடைத்துக் கிருமி நீக்கிய அறுவை பிளேடு, அவர் கண் முன்னாலேயே பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்கு ஒரு ஜோடி கையுறை. அடுத்தவரிடம் போகும்போது புது ஜோடி. இரத்தம் பட்ட பிளாஸ்டிக் கிண்ணம் அன்றோடு சரி. டெட்டாலில் ஊறவைத்தோம், வெந்நீரில் கழுவினோம் என்பதெல்லாம் சுத்தம் என்று நமக்குத் தோன்றுமே தவிர, கிருமி சாகாது. கண்ணாடிக் கிண்ணமானால், நன்றாகக் கழுவி, மருத்துவமனை ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வைத்தெடுத்தால் திரும்பப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் கிண்ணங்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் நெளிந்துவிடும்.

கிண்ண செட் விற்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. "குடும்பம் முழுவதும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம்" என்று சொல்லி விற்காதீர்கள். கீறல் இல்லாத முறைக்குத்தான் அது பொருந்தும். அளவையில் குறைவு செய்யாத கை, சொல்லிலும் குறைவு செய்யக் கூடாது.

செய்பவரும் மனிதர்தான். கையில் குத்திக்கொள்வார். அவர் முன்கூட்டியே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணையும் போட்டிருக்க வேண்டும். தொடங்கிய நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்பது கணக்கு. இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு அரசே போடுகிறது. நம் வயதுக்காரர்கள் பலர் போட்டிருக்க மாட்டோம். இரத்தம் பட்ட பிளேடு குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும்.

வெடிமருந்து மண்ணில் தீக்கிண்ணமா?

கைபேசியில் ஒரு காட்சி சுற்றிக்கொண்டிருக்கிறது. சீன வைத்தியர் இடுக்கியில் பஞ்சைப் பிடித்து, சாராயத்தில் நனைத்து, கொளுத்தி, கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்து, பட்டென்று முதுகில் கவிழ்க்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே சூடான காற்று குளிரும்போது சுருங்கித் தோலை இழுக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, பம்ப் வைத்துச் செய்வதை விடத் தீக்கிண்ணமே "ஒரிஜினல்" என்று நம் இளைஞர்கள் சிலர் முயன்று பார்க்கிறார்கள்.

எந்த ஊரில் முயல்கிறார்கள்? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில்!

அன்பிற்குரியவர்களே, இந்த மண்ணில் தீயைப் பற்றி நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். இரும்புக் கருவி கூடாது, நைலான் துணி கூடாது, கைபேசி கூடாது என்பதும் தெரியும். ஓர் உரசலுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று இந்தியாவிலேயே மிக நன்றாகத் தெரிந்த மக்கள் நீங்கள். அந்தப் பயத்தை ஹிஜாமா மேசைக்கும் கொண்டு வாருங்கள்.

வேலை விட்டு நேராக வருகிற தொழிலாளியின் சட்டையிலும் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் ஒட்டியிருக்கும். அவர் முதுகுக்கு மேல் எரியும் ஸ்பிரிட் பஞ்சைக் கொண்டு போகலாமா? பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட்டின் தீ சரியாகக் கண்ணுக்கே தெரியாது. பஞ்சிலிருந்து ஒரு சொட்டு சொட்டினாலும் அது எரிந்துகொண்டேதான் விழும். தீக்கிண்ணத்தால் வரும் விபத்துகளில் பெரும்பாலானவை இந்தச் சொட்டாலும், சூடேறிப்போன கிண்ண விளிம்பாலும் வருபவைதான். சர்க்கரை நோயாளிக்குச் சுடுவதே தெரியாது. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அக்கம் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசு ஏற்றி இறக்கும் இடத்தில் பிடித்த தீயின் புகை, பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. 8 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. மருத்துவத்திற்காக ஓர் இடத்துக்கு வந்தவர்கள் அவர்கள். நாம் முகாம் நடத்தும் மண்டபத்தின் கீழே கடையா, குடோனா? பக்கத்து வீட்டில் திருட்டுத்தனமாகக் கருந்திரி சுற்றுகிறார்களா? வெளியேற எத்தனை வாசல்? இதைப் பார்க்காமல் இடம் பிடிக்கக் கூடாது.

என் கருத்து கண்டிப்பானது. இந்த மாவட்டத்தில் நம் பெயரால் நடக்கும் எந்த முகாமிலும் தீக்கிண்ணம் வேண்டாம். பம்ப் கிண்ணம் போதும். ஆலையிலிருந்து வருகிறவர் குளித்து உடை மாற்றிவிட்டு வரட்டும். தீக்காக மட்டும் சொல்லவில்லை. தூள் படிந்த தோலைக் கீறினால் தூள் உள்ளே போகும், புண் ஆறாது. தீவிபத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆறிய தழும்பின் மேலும், ஒட்டுத்தோலின் மேலும் கிண்ணம் வைக்கவே கூடாது. அந்தத் தோல் மெல்லியது, உணர்ச்சி குறைந்தது, கிழிந்தால் லேசில் மூடாது. அவர்களுக்கு வலி இருக்கிறது, ஆசையோடு வருவார்கள். "உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று அன்பாகச் சொல்லி அனுப்பத் தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும்?

மண்டியிலும் கமிஷன் கடையிலும் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்தே இருக்கும் நம் வியாபாரிகளில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார்கள். வால்வு மாற்றியவர்கள் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இவர்களைக் கீறினால் இரத்தம் நிற்காது. "ஹிஜாமாவுக்கு வருகிறேன், அதனால் இரண்டு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று யாராவது சொன்னால், அவரை உட்காரக்கூட விடாமல் அவருடைய மருத்துவரிடம் அனுப்புங்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும்.

பெண்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் பிழைக்கிற நம் சகோதரிகளின் முகத்தைப் பார்த்தாலே அது தெரியும். இருக்கிற இரத்தமே போதாதவரிடம் இரத்தம் எடுப்பது என்ன வைத்தியம்? கீறும் முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு, ஒரு நிமிட வேலை. கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றுத் தேறிவருபவர்கள், சிறு பிள்ளைகள், தளர்ந்த முதியவர்கள், இரத்தம் உறையாத நோயுள்ளவர்கள், சிறுநீரகச் சுத்திகரிப்பில் இருப்பவர்கள், காய்ச்சல்காரர்கள், சமீபத்தில் இரத்த தானம் செய்தவர்கள் ஆகியோரை முகாமில் சேர்க்கவே வேண்டாம். பெண்களுக்குப் பெண்களே செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நெஞ்சு வலிக்கிறது, கை ஒரு பக்கம் மரத்துப்போகிறது, திடீரென்று வாய் கோணுகிறது என்று ஒருவர் வந்தால், கிண்ணத்தைத் தொடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

நோன்பு நாட்களில் செய்யலாமா என்று கேட்பார்கள். சட்ட நூல்களின் விவாதத்திற்குள் நான் போகவில்லை, உலமாக்களிடம் கேளுங்கள். உடல் நிலையை மட்டும் சொல்கிறேன். வெறும் வயிறும் தாகமுமாக இருப்பவர் மயங்கி விழ வாய்ப்பு அதிகம். நோன்பு இல்லாத நாளிலும் லேசாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து வரச் சொல்லுங்கள். படுக்க வைத்தே செய்யுங்கள். மயக்கம் வந்தால் உடனே கிண்ணங்களை எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, காலை உயர்த்திப் பிடியுங்கள். கீறல் என்பது தோலின் மேல் பூனை பிறாண்டியது போல இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் போனால் அது வைத்தியம் ஆகாது. கழுத்தின் முன்புறம், பக்கவாட்டு நரம்புகள், புடைத்த இரத்தக் குழாய், மச்சம், கட்டி ஆகியவற்றின் மேல் கிண்ணம் கூடாது. கிண்ணம் பத்துப் பதினைந்து நிமிடத்திற்கு மேல் தோலில் இருக்க வேண்டியதில்லை.

"கெட்ட இரத்தம்" என்று ஒரு பேச்சு

கிண்ணத்துக்குள் கறுப்பாக, கூழ் போல உறைந்து நிற்பதைக் காட்டி, "பார்த்தீர்களா, இவ்வளவு கெட்ட இரத்தம் வெளியே வந்திருக்கிறது" என்பார்கள். யாருடைய இரத்தத்தை எடுத்துக் கிண்ணத்தில் சில நிமிடம் வைத்தாலும் அப்படித்தான் உறையும். உறைவது இரத்தத்தின் இயல்பு. அல்லாஹ் அதில் வைத்த பாதுகாப்பு. உடம்பின் அழுக்கைப் பிரிப்பது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. முதுகுவலி, கழுத்துவலி தணிகிறது என்று செய்துகொண்ட பலர் சொல்கிறார்கள். சிறிய அளவிலான ஆய்வுகளும் ஓரளவு அப்படிச் சொல்கின்றன. நான் மறுக்கவில்லை. சர்க்கரை போய்விடும், புற்றுநோய் போய்விடும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று நோட்டீஸ் அடிப்பதை மட்டும் மறுக்கிறேன். அது சட்டப்படியும் குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் பற்றிய விளம்பரத் தடைச் சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய், இருதய நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. நோட்டீஸில் பெயர் போட்டிருக்கும் ஜமாஅத் தலைவரும் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும், கவனம்!

தான் படிக்காத மருத்துவ முறையைக் கையாள்பவர் போலி மருத்துவரே என்று 1996-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில், கவனக்குறைவால் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை. இரண்டு ஆண்டு என்ற சலுகை, பதிவு பெற்ற மருத்துவருக்கு, மருத்துவம் செய்யும்போது நேர்ந்ததற்கு மட்டும்தான். மூன்று நாள் சான்றிதழ்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

இஸ்லாமிய நாடுகளில் தாராளமாகச் செய்கிறார்களே என்று வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கேட்கலாம். சவூதி அரேபியாவிலேயே உரிமம் இல்லாதவர் ஹிஜாமா செய்ய முடியாது. மக்கா, மதீனா இருக்கிற நாட்டில் இல்லாத துணிச்சல் நமக்கு எதற்கு?

நம் நாட்டில் வழி இல்லாமல் இல்லை. யூனானி மருத்துவம் அரசு ஏற்றுக்கொண்ட முறை. சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஐந்தரை ஆண்டு படித்து, பதிவு செய்துகொண்டு, ஹிஜாமாவையும் முறையாகக் கற்று வெளியே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள். பயணச் செலவும் கூலியும் கொடுங்கள். அபூ தய்பாவுக்குக் கூலி கொடுக்கப்பட்டதை மறக்காதீர்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்த மாநிலத்தில் நம் இளைஞர்கள் இரத்த தானத்தால் பெயர் எடுத்தவர்கள். நள்ளிரவில் அழைத்தாலும் ஓடி வருகிற பிள்ளைகள் என்று மாற்று மதச் சகோதரர்களே சொல்கிறார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின! இரத்த தான முகாமில் எடை பார்க்கிறோம், ஹீமோகுளோபின் பார்க்கிறோம், ஒருவருக்கு ஒரு ஊசி, படிவத்தில் கையெழுத்து, மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார். அதே இளைஞர்கள், அதே மண்டபத்தில் ஹிஜாமா முகாம் என்றதும் அத்தனையையும் விட்டுவிட வேண்டுமா? நாளைக்கு ஒருவருக்குத் தொற்று வந்தால் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும்? தனி மனிதரின் தவறு என்று எழுதுவார்களா? பள்ளிவாசலின் பெயர் வரும், சமுதாயத்தின் பெயர் வரும், சுன்னத்தின் பெயரும் அதோடு சேர்ந்து வரும்.

கழிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு முழுமையாகாது. இரத்தம் தோய்ந்த பஞ்சையும் பிளேடையும் கறுப்புப் பையில் கட்டி நகராட்சித் தொட்டியில் போடுவது, குப்பை அள்ளும் ஏழைத் தொழிலாளியின் கையைக் கீறுவதற்குச் சமம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். பிளேடு, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். இரத்தப் பஞ்சு மஞ்சள் பையில். பிளாஸ்டிக் கிண்ணமும் கையுறையும் சிவப்புப் பையில். இவற்றை ஒப்படைக்க ஒரு மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்றவர்கள் நாம். முள்ளைப் போடுகிறவர்களாக ஆகிவிடக் கூடாது.

ஆகவே தீர்மானத்தில் நான் கேட்கும் திருத்தம் இது. பிறை 17 என்ற தேதியை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அந்த நாளில்தான் செய்ய வேண்டும் என்று கூட்டம் நெருக்கியடிப்பதால்தான் கையுறை மாற்ற நேரமில்லாமல் போகிறது. இருநூறு என்பதை இருபது ஆக்குங்கள். பதிவு பெற்ற யூனானி மருத்துவர் ஆணுக்கு ஒருவர், பெண்ணுக்கு ஒருவர் என்று உறுதியாகட்டும். தொண்டர்கள் தடுப்பூசி 3 தவணையையும் முடிக்கட்டும். அதற்கு ஆறு மாதம் ஆகும், ஆகட்டும். கழிவை வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையின் கடிதம் கைக்கு வரட்டும். ஒவ்வொருவரின் பெயர், நோய் விவரம், மாத்திரை விவரம், செய்தவர் பெயர், தேதி எல்லாம் எழுதும் பதிவேடு தயாராகட்டும். செலவை வர்த்தகர் அணி ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன். ஒருவருக்கு ஆகும் பிளேடு, கையுறை, கிண்ணச் செலவு ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலை அளவுதான்.

இந்த ஒவ்வொரு வேலைக்கும் யார் பொறுப்பு என்று பெயர் எழுதி, மாவட்டச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள். பெயர்கள் எல்லாம் நிரம்பிய பிறகு தேதியைப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.